புலிக்காசு தொலையல, கண்ணு

கண்ணு, அந்தப் புலிக்காசு தொலையல. எங்கிட்ட தான் இருக்குது. மொதல்ல இத சொல்லிட்றேன், இல்லன்னா நடுவுல எங்கியாவது மழுப்பிட்டு போயிடுவேன், என்னப் பத்தி உனக்குத் தெரியும். சனிக்கிழம நீ திருப்பதி ஸ்டேஷன்ல மைசூர் ட்ரெயின் ஏறப்போற. கல்வெட்டு படிக்கிற வேல, காசு படிக்கிற வேல. அதுக்கு முன்னாடி இது உனக்குத் தெரியணும். உனக்கு மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பலாம்னு தான் ஆரம்பிச்சேன். அப்பால யோசிச்சேன், நான் பொய் சொன்னது உன் ஒருத்தன் கிட்டயா? இந்த பழைய காசு க்ரூப்ல இருக்கிற அத்தன பேரு கிட்டயும் தானே சொன்னேன். "சார், அந்த சோழர் காசு கெடச்சிதா சார்?"னு நேத்து கூட ஒருத்தர் கேட்டாரு. அதனால இங்கயே போடறேன், எல்லாரும் படிக்கட்டும். க்ரூப் மக்களே, நான் சார் இல்ல. புத்தூர்ல பவர்லூம் ஷெட்டுக்குப் பின்னாடி வூட்ல இருக்கிற நாப்பத்தி மூணு வயசு பொம்பள. ப்ரொஃபைல்ல காசு படம் வெச்சிருந்தேன், நீங்களே சார்னு கூப்ட்டீங்க, கேக்க நல்லா இருந்துச்சு, அப்டியே விட்டுட்டேன்.

இந்த காசோட கத உனக்கு அரகொறையா தான் தெரியும் கண்ணு, முழுசா சொல்றேன். என் தாத்தாவும் அவரு தம்பியும் பிச்சாட்டூர் பக்கம் ஒண்ணா பயிர் வெச்சிக்கினு இருந்தாங்க. ஆந்திரா தனி ராஜ்ஜியமா பிரிஞ்ச சமயம் அது. திருத்தணி யாருக்கு, புத்தூர் யாருக்கு, சத்தியவேடு யாருக்குன்னு ஊருக்கு ஊரு கூட்டம், கோஷம். இந்த களேபரத்துல அண்ணனும் தம்பியும் எருக்குழி தோண்றாங்க, மம்பட்டில ஒரு சின்ன கலயம் தட்டுப்படுது. உள்ள ரெண்டு கை கொள்ளற அளவுக்கு வெள்ளிக்காசு. பொதயல் கெடச்சா கவர்மென்ட்ல குடுக்கணும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனா எந்த கவர்மென்ட்ல? அங்க தான் சிக்கிக்கினாங்க. "மெட்ராஸ்ல குடுத்துடலாம்ணா, நம்ம நெலம் அந்தப் பக்கம் தான் போவும்"னு தம்பி சொல்றாரு. "நாளைக்கு கர்னூல்லேர்ந்து ஆந்திரா கவர்மென்ட் ஆளு வந்து எங்கடா எங்க காசுன்னா நீயா பதில் சொல்லுவ?"ன்னு அண்ணன் கேக்கறாரு. "சரி, மொதல்ல கோடு போடட்டும். எந்தப் பக்கம்னு தெரிஞ்சப்பறம் குடுக்கலாம்"னு முடிவு பண்ணி கலயத்த பரண்ல வெச்சாங்க.

அவங்க கோடு போடறதுக்குள்ள வருஷக்கணக்கு ஆயிப்போச்சு. அதுக்குள்ள ரெண்டு வூட்லயும் கொழந்தைங்க பொறந்துச்சு. ஒவ்வொரு கொழந்தைக்கும் அரணாக்கொடி வேணும், கொலுசு வேணும், வெள்ளி பரண்லயே இருக்குது, இன்னா பண்ணுவாங்க? ஆசாரி மூசைல போட்டு உருக்கிட்டாரு. என் நைனா இடுப்புல சோழ ராஜா காசு பத்து உருகி கொடியா தொங்கிச்சு கண்ணு, நெனச்சாலே எனக்கு இன்னிக்கும் கண்ணு கட்டுது! கடைசில கோடு போட்டாங்க. திருத்தணி மெட்ராஸ் பக்கம், புத்தூரு, பிச்சாட்டூரு, சத்தியவேடு எல்லாம் ஆந்திரா பக்கம். தம்பிக்கு பொண்டாட்டி ஊரு திருத்தணி, "நான் தமிழ்நாட்டுலயே இருந்துட்றேன்"னு மூட்ட கட்டினாரு. அன்னிக்கு கலயத்துல மீந்தது ரெண்டே காசு. ஆளுக்கு ஒண்ணு. அதுல இருக்கிற எழுத்து தமிழுன்னு தம்பி, தெலுங்குன்னு அண்ணன், பெரிய சண்ட. ரெண்டு பேருமே கைநாட்டு! அது ரெண்டும் இல்ல, வடக்கத்தி நாகரி எழுத்துன்னு பல வருஷம் கழிச்சி நான் தான் கண்டுபுடிச்சேன். தம்பி வண்டி ஏறும்போது அண்ணன் கேட்டாராம், "ஏன்டா, நல்ல காச பாத்து நீ எடுத்துக்கினியா?" தம்பி, "நீ எடுத்துக்கினு என்ன கேக்கறியா?"ன்னாராம். அதோட போக்குவரத்து போச்சு. வேற யாரு வூட்டு கல்யாணம், சாவுலயாவது பாத்துக்கினா தான் உண்டு, பாத்தாலும் மொத கேள்வி, "அந்த காசு இருக்குதா?"

நான் இந்தப் பேச்ச கேட்டுக்கினே வளந்தவ. "அவங்கள்து தான் நல்ல காசாம், எழுத்தெல்லாம் அப்டியே நிக்குதாம்"னு நைனா சோறு துன்னும்போது சொல்லுவாரு. பாக்காத ஒரு காசு மேல எனக்கு ஏழு வயசுலயே பொறாம. என் கல்யாணத்துல வெளக்கு, குங்குமச்சிமிழு, கூடவே இந்த காசு, மூணும் வெள்ளி சாமான்னு ஒண்ணா கட்டிக் குடுத்தாங்க. சாமி ரூம்ல மூணும் ஒண்ணா இருந்துச்சு. வெள்ளிக்கிழம வெளக்கு தேய்க்கும்போது அதே விபூதில காசயும் தேய்ப்பேன். எங்கம்மா தேச்சாங்க, நானும் தேச்சேன். பளபளன்னு இருக்கும். திருத்தணி காசு இந்த மாதிரி மின்னுமான்னு மனசுக்குள்ள ஒரு திமிரு.

க்ரூப்ல புதுசா வந்தவங்களுக்கு சொல்றேன், காசு பழைய நாலணா அளவு தான். நடுவுல புலி குந்திக்கினு இருக்கும், பக்கத்துல ரெண்டு மீனு, ஒரு வில்லு, மேல கொட. புலி சோழனோட சின்னம். மீனு பாண்டியனோடது, வில்லு சேரனோடது. ஜெயிச்சவன் தோத்தவங்க சின்னத்தயும் தன் காசுல போட்டுக்கினான். பக்கத்து வூட்டுக்காரன்ட்ட இருக்கிறது எல்லாம் என்னுதுன்னு வெள்ளில அடிச்சி காட்னான்! இது எனக்கு தெரிஞ்ச அன்னிக்கு நான் குதிச்ச குதி உனக்கு ஞாபகம் இருக்குமா? நீ அப்போ ஏழாவது. லூம் ஆர்டருக்காக உங்கப்பா போன் வாங்கினாரு, நான் அதுல "புலி மீன் வில்லு காசு"ன்னு அடிச்சேன். அவ்ளோ தான், அப்டியே உள்ள போயிட்டேன். அடுப்புல சாம்பார் கருகறது தெரியாம பாமினி சுல்தான் வெள்ளி டங்கா பாத்துக்கினு இருந்தேன். பில் புக்கு பின்னாடி நாகரி எழுத்து எழுதிப் பழகினேன். கடப்பாவுலேர்ந்து ஒருத்தர் சுண்டுவெரல் நகத்தளவு வெள்ளிக்காசு படம் போட்டாரு, எல்லாரும் திணறாங்க, நான் ஒரே நிமிஷத்துல "விஜயநகரம், தாரம்"னு ராஜ்ஜியத்தயும் காசு பேரயும் போட்டேன். "சூப்பர் சார்! மீரு கிரேட் சார்!" எத்தன ஹார்ட்டு! ஆனா கண்ணு, இந்த ஒரு காச தவிர வேற எதயும் நான் கையில தொட்டதில்ல. ஸ்க்ரீன தான் பெருசாக்கி பெருசாக்கி தடவியிருக்கேன்.

உனக்கு இதெல்லாம் அப்போ கிண்டல். "அம்மா காயலான் கட வெக்கப்போறாங்க"ன்னு உங்கப்பா கிட்ட சொல்லுவ. அப்பால இஞ்சினியரிங்கு கெடைக்கல, பி.ஏ. படிச்ச, அது முடிச்சி திருப்பதில ஹிஸ்டரி எம்.ஏ. கெடச்சிது, சரி போய் சேருன்னு அனுப்பினேன். சேந்து ரெண்டு மாசம் ஆவல, வீடியோ கால் பண்ற. கையில வெள்ள கிளவுஸு. "அம்மா பாரு பாரு, டங்கா! நெஜ டங்கா! எவ்ளோ கனம் தெரியுமா?" நான், "அடுப்புல வேல இருக்குதுடா"ன்னு கட் பண்ணிட்டேன். அடுப்புல ஒண்ணும் இல்ல. சமயக்கட்டு தரையில குந்திக்கினு இருந்தேன். பெத்த புள்ள மேல பொறாமன்னு வாயால சொல்ல எனக்கு இத்தன நாளு ஆச்சு. உனக்கு நல்லா வரணும்னு திருமலைக்கு நடந்து போறேன்னு வேண்டிக்கினவளும் நான் தான், உனக்கு நல்லா வந்தா வயிறு எரிஞ்சவளும் நான் தான். ரெண்டுமே நெஜம். நான் எட்டு வருஷமா ஜன்னல் வழியா எட்டிப் பாத்துக்கினு இருந்த வூட்டுக்குள்ள நீ செருப்ப கழட்டிட்டு சும்மா உள்ள போன.

அப்பால அந்த கமென்ட். நம்ம காச நான் எப்பவும் பெரிய கோயில் கட்ன ராஜாவோடதுன்னு தான் போடுவேன். எழுத்து பாதி தேஞ்சிருக்கும், இருக்கிறத வெச்சி அப்டி படிச்சேன். நீ கீழ எழுதற, "சார், இது அப்பா ராஜாவோடது இல்ல, கங்கை வரைக்கும் படை அனுப்பின அவரு புள்ளையோடது. தேயாத இன்னொரு காசு பாத்தேன், படம் வெச்சிருக்கேன்." உன் பெத்த அம்மாவ சார்னு கூப்ட்ட. என் குட்ட உடைக்கக் கூடாதுன்னு தான் அப்டி கூப்ட்டன்னு இப்போ புரியுது. அப்போ எனக்கு புரிஞ்சது ஒண்ணு தான், அந்தப் படம் திருத்தணி காசு. ஒவ்வொரு எழுத்தும் நின்னுக்கினு இருந்துச்சு. நைனா சொன்னது நெஜம். நான் ஏழு வயசுலேர்ந்து பாக்கணும்னு துடிச்சத நீ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போய் பாத்துட்டு வந்திருக்க.

உடனே போன் பண்ணேன். "எப்போடா போன திருத்தணிக்கு?" "போன வாரம்மா. ரேவதி பெரிம்மா நல்லா பேசினாங்க." சின்ன தாத்தாவோட பேத்தி, எனக்கு அக்கா மொற, நான் ரெண்டு வார்த்த பேசினதில்ல, அவங்க உனக்கு பெரிம்மா ஆயிட்டாங்க. "துன்னியா அங்க?" "மீன் கொழம்புமா, செமயா இருந்துச்சு." "ஓஹோ"ன்னேன். அந்த ஓஹோவுலயே நீ உஷார் ஆயிருக்கணும்.

அடுத்த ஞாயித்துக்கிழம நீ வந்த. மூஞ்சி எல்லாம் சிரிப்பு. "அம்மா, ரெண்டு காசயும் ஒண்ணா வெச்சி படம் எடுத்து கட்டுர எழுதறேன். அப்பால ரெண்டயும் மியூசியத்துல குடுத்துடலாம், ஒரே தட்டுல, பக்கத்துல பக்கத்துல. பெரிம்மா சரின்னுட்டாங்க." எனக்கு கண்ணு முன்னாடி அந்த தட்டும், கீழ லேபிளும், லேபிள்ல உன் பேரும் தெரிஞ்சுது. "காசு காணோம்டா"ன்னேன். யோசிக்கவே இல்ல, அதுவா வந்துச்சு. "எங்க வெச்ச?" "ஷெட்டுக்கு எடுத்துக்கினு போனேன் படம் எடுக்க, அங்க தான் விழுந்திருக்கும்." நீ ஒரு நிமிஷம் என் மூஞ்சிய பாத்த. அப்பால சட்டைய கழட்டிட்டு எறங்கிட்ட.

ரெண்டு நாளு கண்ணு. உங்கப்பா உனக்கோசரம் லூம நிறுத்தினாரு. நீ மிஷினுக்கு அடியில படுத்து படுத்து டார்ச் அடிச்ச. தரையில இருந்த பஞ்சு தூசி அத்தனையும் வாரி மாவு சல்லடைல சலிச்ச. முடி எல்லாம் வெள்ளையா, தும்மிக்கினே. காசு என் இடுப்புல, சுருக்குப்பையில. நான் உனக்கு மோர் கொண்டாந்து குடுக்க குனிஞ்சப்போ அது இடுப்புல குத்திச்சு. அப்போ கூட எடுத்து நீட்டல. ரெண்டாவது நாளு சாய்ந்தரம் நீ கை கழுவிக்கினு வந்து சொல்ற, "வுடும்மா. க்ரூப்ல நான் திருத்தியிருக்கக் கூடாது, உங்கிட்ட தனியா சொல்லியிருக்கணும். தப்பு என்னுது." மன்னிப்பு நீ கேட்ட. நான் தலைய ஆட்டினேன், பெரிய மனசு பண்ணி மன்னிக்கிறவ மாதிரி! உன்ன பஸ் ஏத்திட்டு வந்து உங்கப்பா லூம ஓட விட்டாரு. "நெஜமா ஷெட்ல தான் விழுந்துச்சா?"ன்னு கேட்டாரு, நான் பதில் சொல்றதுக்குள்ள ஷெட்டுக்குள்ள போயிட்டாரு. அந்த சத்தத்துல நான் இன்னா சொன்னாலும் கேட்டிருக்காது. அது அவருக்கும் தெரியும்.

இதுக்கப்பறம் மனசு திருந்தி திருத்தணிக்கு போனேன்னு எழுதினா நல்லா இருக்கும். அப்டி இல்ல. பொறாமைல தான் போனேன். உன் படத்துல அவங்க காசு கருப்பா இருந்துச்சு, நம்முது எப்டி மின்னும்னு பக்கத்துல வெச்சி காட்டணும்னு வெறி. போன செவ்வாக்கெழம பஸ்ஸு புடிச்சேன். அன்னிக்கு அவங்க போட்ட கோட்ட தாண்டி முக்கா மணி நேரம் கூட இல்ல கண்ணு, இத்தன வருஷம் நான் போவல. ரேவதி அக்கா கதவ தெறந்து மேலயும் கீழயும் பாத்தாங்க.

"வாடி, புத்தூர் மகாராணி. காசு தொலஞ்சி போச்சுன்னு உன் புள்ள அழாத கொறையா சொன்னான்?"

"தொலையலக்கா."

"தெரியும். எங்க பாட்டன் ரத்தம் தானே உனக்கும். காச தொலைக்கிற ஆளுங்களா நாம? எடு, பாக்கலாம்."

எடுத்து வெச்சேன். அக்கா மூஞ்சி மாறிடுச்சு. "இன்னாடி இப்டி மின்னுது! அதான், எங்கப்பாரு சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு, நல்ல காசு புத்தூர்ல தான் இருக்குது, நமக்கு குடுத்தது கருப்புக் காசுன்னு. வெக்கப்பட்டுக்கினு ட்ரங்க்கு பொட்டியில போட்டவரு தான், அப்பால யாரும் தொடல." இவங்க எங்கள்த பாத்து, நாங்க இவங்கள்த பாத்து, ரெண்டு வூடும் சேந்து எத்தன வருஷம் வெந்திருக்கோம்! யாரும் தொடாததால தான் அவங்க எழுத்து பொழச்சுது. நம்ம எழுத்த தின்னது காலம் இல்ல கண்ணு, விபூதி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமயும் பக்தியா நானே அழிச்சிருக்கேன். அப்பா ராஜாவா புள்ள ராஜாவான்னு நான் படிக்க முடியாம போனதுக்கு காரணம் என் கை தான்.

அக்கா, "உன் புள்ள இந்த காச பாத்துட்டு இன்னா சொன்னான் தெரியுமா? எங்கம்மா பாக்கணும் பெரிம்மா, அவங்க பாத்தா எனக்குத் தெரியாதது ஏதாவது தெரியும்னான்"ன்னு சொன்னாங்க. எனக்கு அழுகயும் வந்துச்சு, அப்போ கூட, நீ மொதல்ல பாத்துட்டியேன்னு எரிச்சலும் வந்துச்சு. கண்ண தொடச்சிக்கினு ரெண்டு காசயும் பக்கத்துல வெச்சேன், போன் டார்ச்ச சாய்ச்சி அடிச்சேன். அப்போ பாத்தேன். கண்ணு, நல்லா கேளு. நம்ம காசுல புலி வாலுக்கிட்ட ஒரு மெல்லிசு கோடு இருக்கும்ல, ஆசாரி கீறினதுன்னு நான் நெனச்சிக்கினு இருந்தது? அவங்க காசுலயும் அதே எடத்துல அதே கோடு! கீறல்னா பள்ளமா இருக்கணும், இது மேடா இருக்குது. அச்சுல விரிசல் விட்டிருந்தா தான் வெள்ளில மேடா விழும். ரெண்டு காசும் ஒரே அச்சு! ஒரே ஆளு, ஒரே சம்மட்டி, ஒருவேள ஒரே நாளு. "அக்கா!"ன்னு நான் போட்ட சத்தத்துல பக்கத்து வூட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க. "நல்ல காசு கெட்ட காசுன்னு ஒண்ணும் இல்லக்கா, ரெண்டும் ஒண்ணு!" அக்கா ரெண்டயும் மாத்தி மாத்தி பாத்துட்டு சொன்னாங்க, "இதுக்கா எங்கப்பாரு உங்க வூட்டு வாசப்படி மிதிக்காம செத்தாரு?"

நீ இத பாத்திருக்க மாட்ட, ஏன்னா ரெண்டயும் சேத்து பாக்க உன்ன நான் விடல. மொதல்ல பாத்தவ நான். கட்டுரைல அத எழுதணும், லேபிள்லயும். உன் பேரு இருக்கட்டும், என் பேரும் இருக்கட்டும், சார் இல்லாம. இத கேக்க எனக்கு யோக்யத இல்லன்னு தெரியுது, ஆனாலும் கேக்கறேன்.

வேலைக்கு போற புள்ளைக்கு நான் சொல்ல இருக்கிறது கொஞ்சம் தான். உன்கூட வேல செய்றவன் உன்ன விட நல்லா படிச்சிட்டான்னா வயிறு எரியும். எரியட்டும், அத நிறுத்த முடியாது, நான் முயற்சி பண்ணி பாத்துட்டேன். கைய மட்டும் சும்மா வெச்சிக்கோ. மறைக்காத, ஒளிக்காத. எவளாவது ஒருத்தி முந்தானையில முடிஞ்சிக்கினு ஒரு காசு கொண்டாந்து காட்டினா, மொதல்ல, "தேய்க்காதீங்கம்மா"ன்னு சொல்லு. அப்பால அவ இன்னா படிச்சி வெச்சிருக்கான்னு கேளு. அதுக்கப்பறம் திருத்து.

சனிக்கிழம காலைல பாசஞ்சர் புடிச்சி வரேன். ரேவதி அக்காவும் அவங்க காச எடுத்துக்கினு வராங்க. கோவமா இருந்தா நீ பேச வேணாம் கண்ணு, கைய மட்டும் நீட்டு. ரெண்டயும் வெச்சிட்றேன். ஒண்ணு மட்டும் பாத்து சொல்லணும். அந்த விரிசல் அவங்க காசுல நீளமா ஓரம் வரைக்கும் போவுது, நம்ம காசுல பாதியில நிக்குது. அடிக்க அடிக்க அச்சு விரிசல் பெருசாவும், அப்டின்னா நம்முது தான் மொதல்ல அடிச்ச காசு. இல்ல, மீதி விரிசல நானே விபூதி போட்டு தேச்சி அழிச்சிட்டேனா? என் கண்ணுக்கு தெரியல, உன் மைக்ரோஸ்கோப்புக்கு தெரியும். நம்முது மொதல்லன்னு வரணும்னு எனக்கு எவ்ளோ ஆச இருக்குதுன்னு உனக்குத் தெரியும். அதுக்கோசரம் பொய் சொல்லிடாத. இந்த வூட்ல பொய் சொன்னவ நான் ஒருத்தி போதும்.